வேறு மாநிலக் கார் என்றால் டோல் கட்டாமல் விடலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: சிட்னியில் பதிந்த காரில் மெல்பேர்ன் போய் வந்தோம், அங்கே டோல் சாவடியும் இல்லை, காசு வாங்க ஆளும் இல்லை, கட்டாமலே திரும்பிவிட்டோம், வேறு மாநில நம்பர்தானே, அப்படியே விட்டால் என்ன?

விடாதீர்கள். முதல் கடிதம் வரும்போதே, முடிந்தால் அதற்கும் முன்பே, கட்டிவிடுங்கள்.

இவ்வளவோடு நிறுத்தியிருப்பேன். எனக்கு முன்னால் பதில் எழுதிய ஒருவர் "வேறு மாநிலம் என்றால் தேடி வரமாட்டார்கள்" என்று எழுதி, அதற்கு இத்தனை பேர் ஆதரவு வாக்கும் போட்டிருப்பதால்தான் நீட்டி எழுதுகிறேன். நான் திருகோணமலையில் தபால் கந்தோர் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவன். பொலிஸ் எழுதிக் கொடுத்த தண்டப் பணத்தைக் கட்ட வருகிற சனத்தை வருடக் கணக்காகப் பார்த்திருக்கிறேன். பதினான்கு நாளுக்குள் கட்ட வேண்டியதை "யார் தேடப் போகிறான்" என்று வைத்திருந்துவிட்டு, பிறகு இரட்டிப்பாகக் கட்ட வந்து, கம்பிக்கு இந்தப் பக்கம் இருக்கிற என்னைத் திட்டுவார்கள். சட்டத்தை எழுதியவன் நானா?

"அவுஸ்திரேலியாவில் குடியிருக்காத உமக்கு அந்த ஊர் டோலைப் பற்றி என்ன தெரியும்" என்று கேட்கப் போகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டிலேயே நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

மகள் குடும்பம் சிட்னியில். நானும் மனைவியும் அங்கே நின்றபோது, மெல்பேர்னில் டண்டினோங்கில் இருக்கும் மனைவியின் தமக்கை வீட்டுக்கும் கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்கும் போய் வருவதென்று முடிவாயிற்று. மருமகனின் காரில் எல்லோரும் ஏற முடியாது. அவர் தன் சிநேகிதனின் ஏழு சீட் வாகனத்தை இரவல் வாங்கினார். மருமகனின் காரில் டேக், அதாவது டோலைத் தானாகக் கணக்கில் கழிக்கிற சின்னக் கருவி, இருக்கிறது. அந்த ஒரே டேக் சிட்னி, மெல்பேர்ன், பிரிஸ்பேன் எல்லா ஊர் டோலுக்கும் செல்லும். ஆனால் அது அவருடைய காரின் கண்ணாடியில் ஒட்டியபடி சிட்னியிலேயே நின்றது. சிநேகிதன் ரயிலில் வேலைக்குப் போகிறவர், அவரிடம் டேக் இல்லை. டேக் கணக்கு வைத்திருப்பவர் இரவல் வாகனத்தின் நம்பரைத் தன் கணக்கில் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று பிறகு மகள்தான் இணையத்தில் பார்த்துச் சொன்னாள்.

ஹியூம் நெடுஞ்சாலையில் கிட்டத்தட்ட 880 கிலோமீட்டர் ஓடி மெல்பேர்னுக்குள் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. சிட்டிலிங்க் என்ற டோல் தெருவில் ஓர் இடத்தில், தலைக்கு மேலே குறுக்காகச் சாய்ந்தபடி பிரமாண்டமான மஞ்சள் தூண் ஒன்று, பக்கத்தில் வரிசையாகச் சிவப்புத் தூண்கள். பேரன் மஞ்சள் தூணைப் பார்த்து உருளைக்கிழங்குப் பொரியல் என்றான். நாங்கள் தூணைப் பார்க்க, தெருவுக்கு மேலிருந்த கமராக்கள் எங்கள் நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டன. யாரும் மறிக்கவில்லை, வாகனம் வேகம் குறைக்கவுமில்லை. இலங்கையில் எங்கள் தெற்கு அதிவேகப் பாதையில் ஏறும்போது சீட்டு வாங்கி, இறங்கும்போது சாவடியில் காசு கொடுத்துத்தான் எனக்குப் பழக்கம்.

"தம்பி, காசு எங்க கட்டுறது?" என்று கேட்டேன்.

"அது பிறகு வரும் மாமா."

வந்தது. சிநேகிதனின் வீட்டுக்கு வந்தது! வாகனம் யார் பெயரில் பதிந்திருக்கிறதோ அவருக்குத்தான் கடிதம் போகும், ஓட்டியது யார் என்று கமராவுக்குத் தெரியாது. மெல்பேர்ன் இருக்கிற விக்டோரியாவில் தெரு நடத்துகிற கம்பனிக்கு, சிட்னி இருக்கிற நியூ சவுத் வேல்ஸ் காரின் விலாசம் எப்படிக் கிடைத்தது என்று மருமகனே ஆச்சரியப்பட்டார். வாகனப் பதிவு விவரத்தை மாநிலம் விட்டு மாநிலம் வாங்க அங்கே ஒழுங்கு இருக்கிறது. வேறு மாநில நம்பர் என்பது மறைவிடம் அல்ல. டோலுக்கு மேல் கடிதச் செலவென்று ஒரு தொகையும் சேர்ந்திருந்தது. மருமகன் அன்றே கார்டில் கட்டினார்.

நாங்கள் திருகோணமலை உவர்மலைக்குத் திரும்பிய பிறகு இன்னொரு கடிதம். மருமகன் தொலைபேசியில், "கட்டினதுக்கே திரும்பவும் அனுப்பியிருக்கிறாங்கள் மாமா, விடுங்கோ" என்றார். "படம் எடுத்து அனுப்பும் தம்பி" என்றேன். வட்ஸ்அப்பில் வந்ததை விரலால் பெருப்பித்து வாசித்தேன். இப்படியான தாள்களில் தொகையைப் பார்க்கக் கூடாது. திகதி, நேரம், அனுப்பியவர் பெயர், இலக்கம் இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். திகதி நாங்கள் கோயிலுக்குப் போன நாள். தெருவின் பெயர் ஈஸ்ட்லிங்க். முதல் கடிதம் சிட்டிலிங்க். இரண்டும் ஒரே ஊரில் ஓடினாலும் வேறு வேறு கம்பனிகள், வேறு வேறு கணக்கு. ஒன்றுக்குக் கட்டினது மற்றதுக்குச் சேராது. மருமகனுக்குப் படத்தில் வட்டம் போட்டு அனுப்பினேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதவில்லை, பிறகு கட்டிய ரிசீட்டை அனுப்பினார்.

இதற்கிடையில் சிநேகிதன் வாய் திறக்கவில்லை, அவருடைய மனைவி மகளிடம் கேட்டிருக்கிறார்: "வாகனத்தைக் குடுத்ததுக்கு எங்கட பேரில கடனோ?" டோல் காசைவிட இதுதான் எங்களுக்குச் சுட்டது. இரவல் வாகனத்தில் போனவர்கள் இதை யோசியுங்கள். சொந்தக்காரர் விரும்பினால் "நான் ஓட்டவில்லை, இன்னார்தான் ஓட்டினார்" என்று எழுதிக் கொடுத்துப் பொறுப்பை மாற்றலாம், ஆனால் நட்பு அந்த அளவுக்குப் போக வேண்டுமா?

கட்டாமல் விட்டால் நடப்பது இது. முதல் கடிதம் சின்னத் தொகை. அடுத்தது தவணை தவறிய கடிதம், தொகை ஏறும். அதற்கும் அசையாவிட்டால் விஷயம் கம்பனியின் கையை விட்டு மாநில அரசின் தண்டமாக மாறும். அப்போது அந்த டோலை நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும்.  நீங்கள் போனது வாடகைக் கார் என்றால், வாடகைக் கம்பனி டோலையும் தன் சேவைக் கட்டணத்தையும் உங்கள் கார்டில் பெரும்பாலும் தானே எடுத்துவிடும். கார்டுக் கணக்கைப் பாருங்கள், இரண்டு முறை கட்டிவிடாதீர்கள்.

இன்னொன்று. "டோல் பாக்கி, உடனே கட்டு" என்று இணைப்போடு குறுஞ்செய்தி வந்தால் அதைத் தொடவே வேண்டாம். டோல் கம்பனிகளின் பெயரில் இந்த மோசடி அங்கே நிறைய நடக்கிறது. டோல் தெருப் பக்கமே போகாத என் மைத்துனிக்கும் ஒன்று வந்தது. இணையதள விலாசத்தை நீங்களே அடித்து உள்ளே போய், காரின் நம்பரைக் கொடுத்துப் பாருங்கள்.

தண்டம் என்று பேச்செடுத்ததால் இதையும் சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது. அவர்கள் கடிதம் வீடு தேடி வருகிறது. இங்கே? சில வருடம் முன்பு கொழும்புக்குப் போகும் வழியில், ஏ6 பாதையில் என்னை மறித்து, லைசனை வாங்கிக்கொண்டு ஒரு தாளைத் தந்தார்கள். எழுதியதெல்லாம் தனிச் சிங்களம். அந்தப் படிவம் என் கவுண்டருக்கு வருகிற படிவம்தான், அதனால் எனக்கு விளங்கியது, பக்கத்தில் நின்ற மூதூர்ப் பெடியனுக்கு நான்தான் வாசித்துச் சொன்னேன். காசை எங்கள் கந்தோரிலேயே கட்டலாம். ஆனால் லைசனைத் திருப்பி எடுக்க, ரிசீட்டோடு அதே பொலிஸ் நிலையத்துக்குத் திரும்பப் போக வேண்டியிருந்தது. தண்டத்தைவிட பஸ் காசும் ஒரு நாள் லீவும்தான் கூட. போனால், பொறுப்பானவர் வெளியே போயிருக்கிறார், பின்னேரம் வா என்றார்கள். 2025இல் கவ்பே என்ற அரசாங்க இணையக் கட்டண முறை மூலம் கையோடு கட்டுகிற முறை தொடங்கியிருக்கிறது. அதை நான் வரவேற்கிறேன், என் பென்ஷனுக்கு முன்னால் வந்திருந்தால் இன்னும் மனதார வரவேற்றிருப்பேன்.