பூத்தையலில் குடும்ப நினைவு இருக்கிறது என்பதெல்லாம் மிகைதானே?

"கையால் பூப்போட்ட பழைய துணியில் குடும்ப வரலாறு, பெண்களின் அடையாளம் எல்லாம் இருக்கிறதாமே, ஒரு பொழுதுபோக்குக்கு இவ்வளவு பெரிய பேச்சா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு எங்கள் வீட்டுத் தலையணை உறை ஒன்றைச் சாட்சிக்கு அழைக்கிறேன்.

பாட்டி தொடங்கி, முடிக்காமல் போய்ச் சேர்ந்து, அம்மா முடித்த உறை அது. நீளமாக ஒரு கொடி, முழுக்கக் காம்புத் தையல்: சாய்ந்த சின்னத் தையல்கள் முறுக்கிய கயிறுபோல அடுத்தடுத்து விழும். நானும் ஊசி பிடிக்கப் பழகிய பிறகுதான் கண்ணில் பட்டது: பாதிக் கொடிவரை தையல்கள் ஒரு பக்கம் சாய்கின்றன, அதற்குப் பிறகு எதிர்ப்பக்கம். இடது கையால் தைத்தால் முறுக்கு இப்படிக் கண்ணாடியில் பார்த்ததுபோல மாறி விழும். அம்மாவிடம் கேட்டேன். "பாட்டிக்கு வலக்கைதான், வலக்கையில்தான் எழுதுவாள்" என்றாள். சற்று நேரம் கழித்து அவளே வந்தாள். "இல்லை, எழுதுவதற்கு அடித்துப் பழக்கியிருக்கிறார்கள். ஊசி மட்டும் இடக்கையில்தான் இருக்கும்." பாட்டியின் எந்தப் புகைப்படத்திலும் இது கிடையாது.

துணியைத் திருப்பிப் பார்த்தால் இன்னும் தெரியும். பாட்டியின் பக்கத்தில் முடிச்சே இல்லை, நூல் முனைகளைத் தையலுக்கு அடியிலேயே ஓட்டி மறைத்திருக்கிறாள். அம்மாவின் பக்கத்தில் முடிச்சுக்கு முடிச்சு. (நான் அம்மா கட்சி.) யாராவது பழைய துணியைக் காட்டினால் முதலில் பின்பக்கத்தைத்தான் பாருங்கள்.

நான் ஒத்துக்கொள்ளும் பாதி இதுதான்: ஒவ்வொரு பூவுக்கும் ஆயிரம் வருட அர்த்தம் இருக்கிறது என்பதை நான் நம்புவதில்லை. பாலஸ்தீனப் பெண்களின் 'தத்ரீஸ்' குறுக்குத் தையலை எடுத்துக்கொள்ளுங்கள். 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உடையில் உள்ள வேலைப்பாட்டைப் பார்த்தே அணிந்தவள் எந்தப் பகுதிக்காரி என்று சொல்லிவிடுவார்கள். அதற்குள்ளும் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் டிஎம்சி என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் நூலோடு வந்த மாதிரிப் புத்தகங்களின் ஐரோப்பியப் பூக்கள் புகுந்திருக்கின்றன. அதனால் அது பொய்யாகிவிடவில்லை. பிடித்ததை எடுத்துத் தன் உடையின் மார்புப் பகுதியில் வைத்துக்கொண்டாள் ஒருத்தி, பிறகு அது அவள் மகளுக்கு 'நம்முடையது' ஆனது. 1948க்குப் பிறகு ஊரை இழந்து முகாம்களில் வாழ்ந்தவர்களுக்கு அந்த உடைதான் ஊர்ப் பெயர். எண்பதுகளின் இறுதியில், பாலஸ்தீனத் தேசியக் கொடியைக் காட்டத் தடை இருந்த காலத்தில், அந்தக் கொடியின் நிறங்களையே உடையில் தைத்துப் போட்டுக்கொண்டார்கள். பொழுதுபோக்கு என்று இதைச் சொல்ல முடியுமா?

அடுத்தது எனக்கு மிகவும் நெருக்கமானது. அமெரிக்காவில் ரூத் மிடில்டன் என்ற பெண் 1921இல் ஒரு பழைய பருத்திச் சாக்கில் பத்தே வரி தைத்து வைத்தார். அவருடைய கொள்ளுப்பாட்டி ரோஸ் ஓர் அடிமை. ரோஸின் மகள் ஆஷ்லி ஒன்பது வயதில் தென் கரோலினாவில் விற்கப்பட்டபோது தாய் கொடுத்தனுப்பிய சாக்கு அது. உள்ளே ஒரு கிழிந்த உடுப்பு, மூன்று கைப்பிடி பீக்கன் கொட்டை, தன் தலைமுடியில் ஒரு பின்னல். அப்புறம் இருவரும் பார்த்துக்கொள்ளவே இல்லை. வாய்வழியாக வந்த கதையை ஆஷ்லியின் பேத்தி ரூத் ஊசியால் பதித்தார். 2007இல் டென்னசியில் ஒரு பழம்பொருள் சந்தையில் அந்தச் சாக்கு கிடைத்தது. தையல் இல்லாவிட்டால் அது யாரோ வீசிய சாக்குதான். அதில் இருந்த பெயர்களைப் பிடித்துக்கொண்டுதான் ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களில் அந்தக் குடும்பத்தைத் தேட முடிந்தது.

எலிசபெத் பார்க்கர் என்ற ஆங்கிலேய வேலைக்காரப் பெண் 1830 வாக்கில் தன் வாழ்க்கைத் துயரத்தைச் சிவப்பு நூலில் எழுத்தெழுத்தாகத் தைத்தாள். கடைசி வாக்கியம் பாதியில் நிற்கிறது, கீழே துணி வெறுமையாக இருக்கிறது. எழுத வராததால் இப்படி, என்று தொடக்கத்திலேயே சொல்கிறாள்.

ஆக, நினைவு தானாகத் துணியில் ஒட்டிக்கொள்வதில்லை. ரூத் பெயரும் வருடமும் போட்டார், அதனால் நமக்குத் தெரிகிறது. எங்கள் உறையில் எதுவும் இல்லை. அம்மாவுக்குப் பிறகு, சாய்வு ஏன் மாறுகிறது என்று கேட்டால் சொல்ல நான் ஒருத்திதான் இருப்பேன். பாட்டியின் பெயரைக் கொடியின் ஓரத்தில் தைக்கலாம் என்றேன். "அவள் வேலையைக் கெடுக்காதே" என்று அம்மா விடவில்லை. கடைசியில் ஒரு சின்னத் துண்டுத் துணியில் இரண்டு பெயர்களையும் தைத்து உள்பக்கம் ஒட்டுப் போட்டோம். பாட்டி பெயரை நான் தைத்தேன், அம்மா பெயரை அவளே தைத்தாள். என்னுடைய 'ல' கொஞ்சம் கோணலாக வந்துவிட்டது. பிரிக்கவில்லை.