கிளிமஞ்சாரோ, சஃபாரி, சான்சிபார்: ஒரே பயணத்தில் எதை முதலில் வைப்பது?

கேள்வி: எனக்கு 46 வயது, மனைவிக்கு 43. 2027 பிப்ரவரியில் தான்சானியா போகிறோம், அங்கே இருக்கப்போவது 16 நாள். ஏஜென்ட் முதலில் சான்சிபார் தீவு 4 நாள், அப்புறம் ஐந்து தேசியப் பூங்காக்கள், கடைசியில் மரங்கு வழியில் 5 நாள் கிளிமஞ்சாரோ என்று போட்டிருக்கிறார். சரியாக இருக்கிறதா? இருவரும் சைவம்.

பதில்: மூன்றையும் 16 நாளில் தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் அவர் போட்ட வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள்: மலை, சஃபாரி, கடல். நாள் போதவில்லை என்றால் பூங்காவில் கை வையுங்கள், மலையில் வைக்காதீர்கள்.

அந்த 5 நாள் மரங்கு திட்டத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். முதல் இரவு மண்டாரா முகாம் 2,720 மீட்டர், இரண்டாவது ஹொரோம்போ 3,720, மூன்றாவது கீபோ 4,720, அதே நள்ளிரவில் எழுப்பி 5,895 மீட்டர் உச்சிக்குக் கிளப்பி விடுவார்கள். 3,000 மீட்டருக்கு மேலே போனால் தூங்கும் உயரத்தை ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் கணக்கு, இதில் அதைப்போல இரண்டு மடங்கு. கிளிமஞ்சாரோவில் கயிறு கட்டிப் பாறை ஏறும் வேலை எதுவும் கிடையாது, ஆட்களைப் பாதியில் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் இந்த அவசரம்தான். உடற்பயிற்சி செய்கிறோமே என்றும் தெம்பாக இருக்காதீர்கள், மேலே ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோய் மாரத்தான் ஓடுபவரையும் படுக்க வைக்கும்.

மச்சாமே வழியில் 7 நாள், இல்லையென்றால் லெமோஷோவில் 8 நாள் கேளுங்கள். இரண்டிலும் ஒரு நாள் லாவா டவர் வரை, சுமார் 4,600 மீட்டர், ஏறிவிட்டு பரங்கோ முகாமுக்கு 3,950 மீட்டர் வாக்கில் இறங்கித் தூங்குவீர்கள். அன்றைக்குத் தலை வலிக்கலாம், ஆனால் உடம்பு பழகுவது அப்படித்தான். உயர நோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள், சல்ஃபா அலர்ஜி இருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். தள்ளாட்டமோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்போ வந்தால் அப்போதே கீழே இறங்க வேண்டும், அதில் பேரம் கிடையாது. காப்பீடு 6,000 மீட்டர் வரையிலான மலையேற்றத்துக்குச் செல்லுமா என்று பாலிசியில் எழுத்தில் பாருங்கள். சைவம் பிரச்சினை இல்லை, முன்கூட்டியே சொன்னால் சமையல்காரர் காய்கறி, பருப்பு, சாதம், சப்பாத்தி என்று சமாளித்துவிடுவார். உயரத்தில் பசி எடுக்காது என்பதால் ஊறுகாயும் பொடியும் எடுத்துப் போங்கள்.

மலையை முதலில் வைக்கச் சொல்வது ஏனென்றால், உச்சியைத் தொட்ட அதே நாளில் சுமார் 3,100 மீட்டருக்கு இறங்கிவிடுவீர்கள், முழங்கால் கெஞ்சும். அடுத்த நாலு நாள் ஜீப்பில் உட்கார்ந்து யானை பார்ப்பதைவிட நல்ல ஓய்வு எது? பெட்டி தாமதமாக வந்தால் சமாளிக்க மலையடிவார ஊரான மோஷியில் ஒரு நாள் விட்டுவிட்டு ஏறுங்கள், மலை ஷூவை விமானத்திலேயே போட்டுக்கொண்டு போங்கள்.

ஐந்து பூங்கா என்பதற்குப் பாதி நேரம் சாலையில் இருப்பது என்று அர்த்தம். பிப்ரவரியில் வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் வகையின் மந்தைகள் குட்டி போடுவது செரெங்கெட்டியின் தெற்குச் சமவெளியில், ந்டுடு பக்கம். கூடவே சிங்கமும் சிறுத்தையும் வந்துவிடும். அந்த மந்தைகள் மாரா ஆற்றைக் கடக்கும் காட்சி ஜூலைக்கு அப்புறம்தான், யாராவது பிப்ரவரியில் அதைக் காட்டுகிறேன் என்றால் நம்பாதீர்கள். ந்டுடுவில் இரண்டு இரவு, ங்கொரொங்கொரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில் ஒரு இரவு, மறுநாள் காலை பள்ளத்துக்குள் இறங்கிவிட்டு அருஷா நகரம். போதும். விளிம்பு 2,300 மீட்டர் உயரம், இரவில் நடுங்கும், மலை ஜாக்கெட்டை மூட்டை கட்டிவிடாதீர்கள். கருப்பு, கருநீல உடை வேண்டாம், செட்சீ ஈ தேடி வந்து கடிக்கும்.

ஆக முதல் இரண்டு நாள் மோஷி, 3 முதல் 9 வரை மலை, 10 முதல் 13 வரை சஃபாரி, மிச்சம் சான்சிபார். லெமோஷோ என்றால் கடற்கரையில் ஒரு நாள் குறையும். அருஷாவிலிருந்து போகும் சிறு விமானங்களில் பெரும்பாலும் 15 கிலோதான், அதுவும் துணிப்பையாக இருக்க வேண்டும். நீந்த ஆசை என்றால் வடக்கே நுங்வி அல்லது கெண்ட்வா. கிழக்குக் கரையில் பாஜே அழகுதான், ஆனால் கடல் வற்றும்போது தண்ணீரைத் தேடி வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கும். ஸ்கூபா செய்தால் 24 மணி நேரத்துக்கு விமானம் ஏறாதீர்கள். 2027-இல் ரமலான் பிப்ரவரி 8 வாக்கில் தொடங்குகிறது, ஹோட்டலுக்கு வெளியே பகலில் பல உணவுக் கடைகள் மூடியிருக்கும், உடையிலும் கவனம் வேண்டும்.

சான்சிபாருக்கு 2024 அக்டோபர் முதல் அந்தத் தீவு அரசின் காப்பீடு கட்டாயம், 44 டாலர், உங்கள் பாலிசி இருந்தாலும் இதைத் தனியாக எடுத்தே ஆகவேண்டும். மலேரியா மாத்திரைக்கும் இப்போதே டாக்டரிடம் பேசுங்கள். நைரோபி வழியாகப் போய் கென்யாவில் தங்கப் போகிறீர்கள் என்றால் மஞ்சள் காய்ச்சல் ஊசி வேண்டும், புறப்படுவதற்கு 10 நாள் முன்னாலேயே போட்டிருக்க வேண்டும். டாலர் நோட்டு பழையதாக இருந்தால் வாங்க மாட்டார்கள்.

ஏஜென்டிடம் இன்னொன்றும் கேளுங்கள்: மலையில் சுமை தூக்கும் போர்ட்டர்களுக்கு என்ன கூலி, எத்தனை கிலோ சுமக்கிறார்கள், எங்கே தூங்குகிறார்கள். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள், மலிவாகக் கிடைக்கும் பேக்கேஜில் வெட்டு முதலில் விழுவது அவர்கள் தலையில்தான்.