மின் நிறுவனத் தலைவரை ஆட்சிப் பொறுப்பில் வைப்பது சரியா?

கேள்வி: சீனாவில் மின் நிறுவனத்தை நடத்தியவரை மாகாண ஆளுநராகவும் பிறகு அமைச்சராகவும் ஆக்கினார்களே, நிர்வாகம் அவருக்கு எப்படித் தெரியும்?

நீங்கள் கேட்பது லி ஷியாவ்பெங்கைப் பற்றித்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். தேர்வுக்குப் படிப்பவராக இருப்பீர்கள். நான் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டது சிங்கப்பூரில், துவாஸ் என்ற தொழிற்பேட்டைப் பகுதியில் வேலை செய்தபோது. 2008 மார்ச்சில் அங்கிருந்த துவாஸ் பவர் என்ற மின் நிறுவனத்தைச் சீன அரசு மின் நிறுவனமான ஹுவானெங் குழுமம் சுமார் 4.2 பில்லியன் சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) வாங்கியது. அப்போது அந்தக் குழுமத்தின் தலைவர் அவர். ஷட்டவுன் (ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும்) வேலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக் கம்பெனி ஒன்றில் நான் இன்சுலேஷன் வேலையில் இருந்தேன். முதலாளி மாறினால் நம் வேலை பெர்மிட் என்னாகும் என்பதுதான் நாங்கள் தங்கியிருந்த டார்மிட்டரியில் ஒரே பேச்சு.

அதே ஆண்டு ஜூனில் லி ஷியாவ்பெங்கை ஷான்ஷி மாகாணத்தின் துணை ஆளுநராக்கினார்கள். எங்களோடு இருந்த வெல்டர் ஒருவர் ஷான்ஷிக்காரர். "எங்கள் ஊர் நிலக்கரியை வாங்கியவரே எங்கள் ஊருக்கு வருகிறார்" என்று அவருக்கு மகிழ்ச்சி. அதில் அர்த்தம் இருந்தது. அப்போது சீனாவில் நிலக்கரி விலை சந்தைப்படி ஏறியது, மின் கட்டணத்தை அரசு பிடித்து வைத்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிய மின் நிறுவனங்களுக்கு அந்த ஆண்டு கடும் நட்டம். ஷான்ஷியோ நிலக்கரி மாகாணம்.

அப்பா லி பெங் பிரதமராக இருந்தவர், பிறகென்ன என்று சிலர் கீழே வந்து எழுதுவார்கள். அந்தப் பெயர் உதவவில்லை என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் மின்சாரம் படித்துவிட்டு அந்தத் துறையிலேயே வளர்ந்தவரை ஒன்றும் தெரியாதவர் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எனக்குக் கவலை வேறு. கண்ட்ரோல் ரூமில் அழுத்தம் ஏறினால் மீட்டர் தானாகக் காட்டும். மாகாணத்தில் மனிதர்கள் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு. 2012 டிசம்பரில் அவர் தற்காலிக ஆளுநரானார். அதே மாதம் 31ஆம் தேதி ஷான்ஷியின் சாங்ஜி நகர ரசாயன ஆலை ஒன்றிலிருந்து அனிலின் என்ற நச்சு ரசாயனம் கசிந்து ஆற்றில் கலந்தது. மாகாண அரசுக்குத் தகவல் வந்தது ஜனவரி 5இல். அதற்குள் ஆற்றின் கீழ்ப்புறம் இருந்த ஹண்டான் நகரத்தில் குடிநீரை நிறுத்த வேண்டியதாயிற்று. ஐந்து நாள்! அவருக்குத் தொழில் தெரியுமா என்பதா இங்கே பிரச்சினை? அப்புறம் அவர் ஆளுநராக உறுதியாகி, 2016இல் போக்குவரத்து அமைச்சராகி, 2024 வரை இருந்தார்.

அந்த ஐந்து நாள் என்னை ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், நானே அப்படி மறைக்கப்பட்டவன். துவாஸ் வேலை முடிந்து வேறோர் ஆலையில் இருந்தபோது நீராவிக் குழாயில் என் முன்கை வெந்துபோனது. அப்போது 3 நாளுக்கு மேல் எம்சி (மருத்துவ விடுப்பு) கொடுத்தால் மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும். அதனால் என் கம்பெனி சூப்பர்வைசர் கூடவே கிளினிக்குக்கு வந்து, 2 நாள் போதும் என்று அவரே டாக்டரிடம் பேசினார். மூன்றாம் நாள் லைட் டியூட்டி என்று சொல்லி, கட்டுப் போட்ட கையோடு ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். ஆலையின் நுழைவாயில் பலகையில் "விபத்தில்லா நாட்கள்" எண்ணிக்கை ஒன்று கூடியிருந்தது. எல்லா முதலாளிகளும் இப்படி என்று நான் சொல்லவில்லை, நல்லவர்களிடமும் வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் மேலே இருந்த பெரிய அதிகாரி அந்தப் பலகைக்கு முன்னால் நின்று எங்களைப் பாராட்டிப் பேசினார். அவருக்கு யாருமே சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, பெர்மிட் புதுப்பிக்க இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது.