கையில் நல்ல கேமரா இல்லாத மாணவர் குறும்படத்தை எப்படிக் கற்பது, எப்படி எடுப்பது?

“நிறையக் குறும்படம் பார்க்கிறேன், ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒன்றும் ஓடவில்லை, நல்ல கேமராவும் இல்லை, எங்கிருந்து தொடங்குவது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் நிறையப் பார்ப்பதை நிறுத்துங்கள். நானும் முதலாம் ஆண்டில் தினம் ஐந்தாறு படம் பார்த்தவன்தான். கதை கேட்டால் ஒப்பித்துவிடுவேன். அந்த ஷாட் ஏன் அந்த இடத்தில் முடிகிறது என்று யாராவது கேட்டிருந்தால் திருதிருவென விழித்திருப்பேன்.

பிடித்த படம் ஒன்றை, எட்டு நிமிடத்துக்குள் இருப்பதாக எடுத்துக்கொண்டு, அதையே பத்துத் தடவை பார்த்தபோதுதான் எனக்கு ஏதோ பிடிபட்டது. ஒரு தடவை ஒலி இல்லாமல். ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும். அப்புறம் நோட்டில் கட்டம் போட்டு ஷாட் ஷாட்டாக எழுதினேன்: எத்தனை நொடி, யார் எந்தப் பக்கம் பார்க்கிறார், இதில் நமக்குப் புதிதாக என்ன தெரிகிறது. கடைசிக் கட்டம்தான் முக்கியம். நல்ல படத்தில் அது காலியாக இருப்பது அபூர்வம். நம் படத்துக்குப் போட்டுப் பார்த்தால் பாதி காலியாக இருக்கும்.

கேமரா கவலைக்கு பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கரின் ‘லா ஜெத்தே’யைப் பாருங்கள். 1962-இல் வந்த 28 நிமிடப் படம். ஏறக்குறைய முழுவதும் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள், கூடவே கதை சொல்லும் ஒரு குரல். ஒரே ஓரிடத்தில்தான் படம் அசைகிறது: படுத்திருக்கும் பெண் கண்ணைத் திறக்கிறாள். அதுவரை எதுவுமே அசையாததால் அந்தச் சில நொடி நம்மைத் தூக்கிப்போடுகிறது.

சரி, கதை. ஆஸ்கர் விதிப்படி டைட்டில் உட்பட 40 நிமிடம் வரை குறும்படம்தான். முதல் படத்துக்கு ஐந்து நிமிடமே அதிகம் என்பேன். என் முதல் ஸ்கிரிப்ட் 14 பக்கம். ஒரு பக்கம் என்றால் திரையில் சுமார் ஒரு நிமிடம். அதற்குள் ஒரு விபத்து, ஒரு துரோகம், மூன்று ஃபிளாஷ்பேக். படித்த சீனியர், “தம்பி, இதுல ஒரே ரூம்ல நடக்கிற சீன் எது?” என்று மட்டும் கேட்டார். ஒன்றுதான் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அப்பாவுக்கு வந்த கடிதத்தை மகன் உரக்கப் படிக்கிறான், கெட்ட செய்தியை மாற்றிப் படிக்கிறான். அதுவே படமாகிவிட்டது. மற்ற 12 பக்கம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

அப்பாவாக நடித்தவர் நண்பனின் பெரியப்பா. நடிக்கச் சொன்னால் நாடக மேடை ஏறிவிடுவார். ஆறேழு டேக் வீண். கடைசியில் எடிட்டிங்கில் எங்களைக் காப்பாற்றியது, நாங்கள் “ரெடி” சொல்வதற்காக அவர் சும்மா காத்திருந்த சில நொடிகள். மகனின் கையில் நடுங்கும் கடிதத்துக்கு அடுத்து அந்த முகத்தை வைத்தோம். எல்லாம் புரிந்துகொண்டு மௌனமாக இருக்கும் அப்பா கிடைத்துவிட்டார்! உணர்ச்சியற்ற ஒரே முகம், பக்கத்தில் வரும் ஷாட்டைப் பொறுத்து வேறு வேறு உணர்ச்சி காட்டும் என்று சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் எப்போதோ சோதித்துப் பார்த்துவிட்டார். பாடத்தில் படித்தபோது எனக்கு அது தேர்வுக்கான ஒரு வரி, அவ்வளவுதான்.

மாணவர் படங்களைக் கெடுப்பது பெரும்பாலும் காட்சி அல்ல, ஒலி. எங்கள் அறையில் ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது, யாருக்கும் உறைக்கவில்லை. எடிட்டிங்கில் வசனத்துக்கு வசனம் அந்த உறுமல் வருவதும் அறுந்து போவதுமாக இருந்தது. இடைவெளியை நிரப்ப ரூம் டோனும் (யாரும் பேசாதபோது அறையில் கேட்கும் ஒலி) எடுத்து வைத்திருக்கவில்லை. டப்பிங் பேசினோம், பாதி இடத்தில் உதடு சேரவில்லை. ஆகவே ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நிற்க, வெறும் அறையின் ஒலியை 30 நொடி பதிவு செய்யுங்கள். மைக் பேசுபவருக்குப் பக்கத்தில் இருப்பது அதன் விலையைவிட முக்கியம். இன்னொரு போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு, நடிகரின் சட்டைப் பையில் போட்டு, டேக் தொடக்கத்தில் ஒரு கைதட்டு. பிறகு அந்தத் தட்டலை வைத்து இரண்டையும் பொருத்திக்கொள்ளலாம்.

போனில் ஃபோகஸ், வெளிச்சம், நிறம் மூன்றையும் பூட்டி எடுங்கள். தானியங்கியில் விட்டால் ஆள் நகரும்போதெல்லாம் சுவரின் நிறம் மாறும். ஃபிரேம் ரேட்டையும், அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் பதிவாகிறது என்பதையும், 24 அல்லது 25 என்று நிலைப்படுத்தும் செயலி நல்லது, இல்லையென்றால் நீளமான டேக்கில் ஒலி மெல்ல விலகிப்போகும். இருவர் பேசும் காட்சியில் கேமரா அவர்களுக்கு ஒரே பக்கத்தில் இருக்கட்டும். மறுபக்கம் தாண்டினால் இருவரும் மூன்றாவது ஆள் யாரையோ பார்ப்பதுபோல் ஆகிவிடும்.

போட்டிக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட வேண்டாம், உரிமைப் பிரச்சினை வரும். இணையத்தில் ஏற்கெனவே பொதுவில் வந்த படத்தைச் சில விழாக்கள் ஏற்பதில்லை. அனுப்பி முடிவு தெரியும்வரை கடவுச்சொல் போட்ட இணைப்பாகவே வைத்திருங்கள்.