மோனோபொலி பலகையும் மோனோபொலி டீல் சீட்டுக்கட்டும்: கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் சிறு வயதில் மோனோபொலி போன்ற ‘பிஸினஸ்’ பலகை ஆடி வளர்ந்தவர்கள். இப்போது மோனோபொலி டீல் சீட்டுக்கட்டு வாங்கியிருக்கிறோம். பழைய ஆட்டத்தைச் சுருக்கியதுதானா இது?

பதில்: இல்லை. மனைகளின் பெயர்களும் நிறங்களும் வாடகை என்ற எண்ணமும்தான் பலகையிலிருந்து வந்தவை. பலகை ஆட்டத்தில் 40 கட்டங்களை இரண்டு பகடைகள் உருட்டிச் சுற்றி வருகிறோம். மற்ற எல்லாரும் திவாலாகி ஒருவர் மிஞ்சும்வரை ஆட்டம் முடியாது. ஹாஸ்ப்ரோ நிறுவனம் 2008இல் வெளியிட்ட சீட்டாட்டத்தில் பகடை, காய், பாதை எதுவுமே கிடையாது. பலகையிலிருந்த 28 சொத்துகளும் சீட்டுகளாகிவிட்டன. ஒரே நிறச் சொத்துகள் எல்லாம் சேர்ந்தால் ஒரு முழு செட். வெவ்வேறு நிறங்களில் மூன்று முழு செட்டுகளை யார் முதலில் மேசையில் சேர்க்கிறாரோ அவரே வென்றவர்.

கேள்வி: பலகையில் ஆரஞ்சு நிற மனைகளைத்தான் முதலில் பிடிக்க வேண்டும் என்பார்கள். சீட்டிலும் அப்படித்தானா?

பதில்: பலகையில் அது சரியான அறிவுரை. ஆட்டக்காரர்கள் அடிக்கடி போய்ச் சேரும் இடம் சிறை. அங்கிருந்து 6, 8, 9 கட்டங்கள் தள்ளி ஆரஞ்சு மனைகள் இருப்பதால், வெளியே வருபவர் அவற்றில் விழும் வாய்ப்பு அதிகம். சீட்டில் இடம் என்பதே இல்லாததால் இந்தக் கணக்கும் இல்லை. அங்கே ஒரு செட்டுக்கு எத்தனை சீட்டு வேண்டும் என்பதே முக்கியம். அடர்நீலத்துக்கும் பழுப்புக்கும் இரண்டு போதும், ரயில் நிலையங்களுக்கு நான்கு வேண்டும். அடர்நீலம் முழுமையானால் வாடகை 8 மில்லியன், நான்கு ரயில் நிலையங்களுக்கோ 4 மில்லியன்தான். ஆனாலும் வெற்றிக்கு வாடகை கணக்கில் வராது. மலிவான பழுப்பு செட்டும் ஒரு செட்டுதான். பலகையில் பழகியவர்கள் இதை ஏற்கத் தயங்குவதை அடிக்கடி பார்க்கிறேன்.

கேள்வி: ஒரு முறைக்கு மூன்று சீட்டுக்கு மேல் இறக்கக் கூடாது, சில்லறையும் தரக் கூடாது என்கிறார்கள். இவ்வளவு கெடுபிடி எதற்கு?

பதில்: இந்த ஆட்டத்தின் உயிரே அந்த இரண்டு விதிகளில்தான் இருக்கிறது என்பேன். தொடக்கத்தில் ஆளுக்கு ஐந்து சீட்டு. ஒவ்வொரு முறையும் இரண்டு எடுத்து மூன்று வரை இறக்கலாம். முறை முடியும்போது கையில் ஏழுக்கு மேல் இருக்கக் கூடாது. மனையைப் பறிப்பது போன்ற ஒரு வேலையைச் செய்யும் செயல் சீட்டை அதன் வேலைக்காகவும் இறக்கலாம், பணமாக வங்கியிலும் வைக்கலாம். ஆனால் வங்கியில் வைத்துவிட்டால் அது கடைசிவரை பணம்தான். ஆகவே கையிலுள்ள ஏறக்குறைய ஒவ்வொரு சீட்டும் உங்களிடம் ஒரு முடிவைக் கேட்கிறது.

சில்லறைக்கு வருவோம். உங்கள் வங்கியில் 5 மில்லியன் ஒன்றும் 1 மில்லியன் ஒன்றும் இருக்கின்றன. மேசையில் 1 மில்லியன் மதிப்புள்ள பழுப்பு மனை ஒன்று இருக்கிறது. எதிரே இருப்பவர் 2 மில்லியன் வாடகை கேட்கிறார். ஐந்தைக் கொடுத்தால் மூன்று மில்லியன் வீண். ஒன்றையும் பழுப்பு மனையையும் சேர்த்துக் கொடுத்தால் கணக்கு நேராகும், ஆனால் மனை அவருடைய வரிசைக்குப் போய்விடும். கையிலுள்ள சீட்டால் கட்டவும் முடியாது, மேசையில் இருப்பதைத்தான் தர வேண்டும். பலகையில் வாடகை கட்டுவது நோட்டை எண்ணிக் கொடுக்கும் வேலை. இங்கே எதை இழப்பது என்று நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. சிறிய தொகைகளை வங்கியில் சேர்த்து வையுங்கள் என்று நான் புதியவர்களுக்குச் சொல்வது இதனால்தான்.

கேள்வி: பலகையில் பேரம் பேசுவதுதான் எங்களுக்குப் பிடித்தது. அது சீட்டில் உண்டா?

பதில்: இல்லை. ஏலமும் பேரமும் போய்விட்டன. அவற்றின் இடத்தில் பறிப்பு வந்திருக்கிறது. முழுமையடையாத செட்டிலிருந்து ஒரு மனையை ‘ஸ்லை டீல்’ என்ற சீட்டு எடுத்துக்கொள்ளும். முழு செட்டையே ‘டீல் பிரேக்கர்’ சீட்டு தூக்கிக்கொண்டு போகும். பேச்சுத் திறமையை ரசிப்பவர்களுக்கு இது உண்மையான இழப்பு.

கேள்வி: டீல் பிரேக்கர் நியாயமற்ற சீட்டு என்று என் மகள் கோபிக்கிறாள்.

பதில்: கட்டில் அது இரண்டே இரண்டு, அதைத் தடுக்கும் ‘ஜஸ்ட் சே நோ’ மூன்று. மேசையில் வைத்த செட்டுதான் பறிபோகும், கையிலிருப்பதை அந்தச் சீட்டால் தொட முடியாது. எனவே இரண்டு செட்டுகள் முடிந்த பிறகு மூன்றாவதை ஒவ்வொன்றாக வைக்காமல், கையில் சேர்த்து வைத்து ஒரே முறையில் இறக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பலகை மூன்று மணி நேரம் இழுக்கிறது, சீட்டு கால் மணி நேரத்தில் முடிகிறது. காரணம் என்ன?

பதில்: பாதிக் காரணம் நம் வீட்டு விதிகள். ஒருவர் வாங்க மறுத்த மனையை உடனே ஏலம் விட வேண்டும் என்பது பலகையின் விதி. பலர் அதை விட்டுவிடுகிறார்கள். அபராதப் பணத்தை ‘ஃப்ரீ பார்க்கிங்’ கட்டத்தில் குவித்து, அங்கு வந்தவருக்குக் கொடுப்பது விதியிலேயே இல்லை. அது திவாலாக வேண்டியவரைக் காப்பாற்றி ஆட்டத்தை நீட்டுகிறது. சீட்டில் யாரும் வெளியேறுவதில்லை. மேசையில் எதுவும் இல்லாதவர் எதுவும் கட்ட வேண்டாம். கை காலியானால் அடுத்த முறை இரண்டுக்குப் பதில் ஐந்து சீட்டு எடுக்கலாம்.

கேள்வி: நான் பொருளியல் ஆசிரியை. வகுப்புக்கு எது பொருந்தும்?

பதில்: தயங்காமல் பலகையைத் தேர்ந்தெடுங்கள். மோனோபொலியின் மூலம், அமெரிக்காவில் லிஸி மகீ 1904இல் காப்புரிமை பெற்ற ‘தி லேண்ட்லார்ட்ஸ் கேம்’. நில வாடகை ஒரு சிலரிடம் குவிவதைப் பற்றி பொருளியலாளர் ஹென்றி ஜார்ஜ் எழுதியதைப் பிறருக்குப் புரியவைக்கவே அவர் அதை உருவாக்கினார். நிலம் உள்ளவர் மேலும் சேர்ப்பதையும் இல்லாதவர் ஒவ்வொரு சுற்றிலும் தேய்வதையும் மாணவர்கள் பலகையில் நேரடியாக உணர்வார்கள். சீட்டில் அந்த நீண்ட தேய்வு கிடையாது. தோற்றுக்கொண்டிருப்பவர்கூட ஒரே முறையில் வென்றுவிடலாம்.

கேள்வி: நாங்கள் ஆறு பேர். ஒரு கட்டு போதுமா?

பதில்: ஒரு கட்டு ஐந்து பேர் வரைக்குமானது. ஆறு பேர் என்றால் இரண்டு கட்டுகளைச் சேர்த்துக் கலைத்து ஆடுங்கள்.