ஒரே கணினியில் எச்டிஎஃப்5 என்ற தரவுச் சேமிப்பு நிரல் நூலகத்தின் பல பதிப்புகள் மோதாமல் இருக்க, மென்பொருள்களை நிறுவித் தரும் ஸ்பேக் என்ற தொகுப்பு மேலாளர் என்ன செய்கிறது?

ஒவ்வொரு நிறுவலுக்கும் தனி அடைவு கொடுக்கிறது. பதிப்பு, கம்பைலர், எம்பிஐ (இணையாக ஓடும் நிரல்கள் செய்தி பரிமாறும் நூலகம்) உண்டா இல்லையா, சார்ந்திருக்கும் நூலகங்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஹாஷ் (அடையாளக் குறியீடு) கணக்கிட்டு, அடைவின் பெயரில் ஒட்டிவிடும். அடியில் இருக்கும், தரவைச் சுருக்கும் இசட்லிப் நூலகம் மாறினாலே எச்டிஎஃப்5-க்குப் புது ஹாஷ், புது அடைவு; பழையது அப்படியே இருக்கும்.

நூலகம் இருக்குமிடம் ஆர்பாத்தாக (நூலகத்தை முதலில் தேடவேண்டிய பாதை), கம்பைல் செய்த இருமக் கோப்பிலேயே பதிகிறது. ரன்பாத் என்ற இன்னொரு வகையாகப் பதிந்தால், நூலகம் தேடும் இடங்களைச் சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத் என்ற சூழல் மாறி முந்திக்கொண்டு வேறு எம்பிஐயை ஏற்றிவிடலாம்; நிரல் ஓடும்போது சரியக்கூடும்.

உண்மையான தலைவலி, பதிப்பு நிபந்தனைகளைப் பொருத்துவது. ஸ்பேக்கின் பழைய முறை எடுத்த முடிவைத் திரும்பிப் பார்க்காது. அதனால் தீர்வு இருந்தும் சில சமயம் பிழை காட்டி நின்றுவிடும். இப்போது அந்த வேலை கிளிங்கோ என்ற தர்க்கத் தீர்ப்பானிடம் (நிபந்தனைகளுக்குப் பொருந்தும் விடையைத் தேடும் மென்பொருள்). சொந்தமாகத் தொகுப்பு மேலாளர் எழுதுகிறவர்களும் இந்தப் பகுதியைக் கையால் எழுதாமல், ஆயத்தத் தீர்ப்பான் ஒன்றை இணைப்பதே நல்லது.