வீட்டிலிருந்தே தொழில்: கேள்விகளும் ஒரு கணக்கெழுத்தாளரின் பதில்களும்

சிறுதொழில் செய்கிறவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. அதில் பெரும்பாலானவர்கள் வீட்டிலிருந்தே தொழில் நடத்துகிறவர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். உரிமம், வரி பற்றிய விதிகள் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் அவற்றில் பொதுவானதை மட்டும் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, வீட்டில் இருந்தபடியே செய்ய எந்தத் தொழில் நல்லது? ஒன்று சொல்லுங்கள், இறங்கிவிடுகிறேன்.

பட்டியல் போட்டுத் தருகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், என்னை விட்டுவிடுங்கள். உங்களுக்கு என்ன கைவரும், அதற்கு யார் காசு கொடுப்பார்கள், இரண்டுமே எனக்குத் தெரியாது. சோதித்துப் பார்க்கும் வழியை வேண்டுமானால் சொல்கிறேன். லோகோ, விசிட்டிங் கார்டு எல்லாம் இருக்கட்டும். சொந்தமும் நட்பும் இல்லாத பத்துப் பேருக்கு முழு விலையில் விற்றுப் பாருங்கள். சித்தி வாங்குவது பாசத்துக்காக. முன்பின் தெரியாதவர் வாங்கி, இரண்டாம் முறையும் தேடி வந்தால் அங்கே வியாபாரம் இருக்கிறது. மெஷின் வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

கேள்வி: மேடம், மெழுகுவத்தி செய்து விற்கிறேன். மெழுகு, திரி, வாசனை எண்ணெய், டப்பா எல்லாம் சேர்த்து 40 ஆகிறது. 60-க்கு விற்கிறேன். லாபம் 20 சரிதானே?

சரியில்லை. நீங்கள் எழுதாமல் விட்டவற்றைச் சொல்கிறேன்: அடுப்புக்கான எரிபொருள் அல்லது மின்சாரம், சரியாக உறையாமல் வீணானவை, வழியில் உடைந்து திரும்பி வந்தவை, பேக்கிங் அட்டை, ஒட்டும் டேப், பணம் வாங்கித் தரும் நிறுவனம் பிடிக்கும் கமிஷன். எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் நேரம். வீட்டுத் தொழிலில் கூலி எப்போதும் கணக்கில் ஏறுவதில்லை, ஏனென்றால் அதைக் கேட்க ஆள் இல்லை.

நேரத்துக்கு விலை போடுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மாதம் 30,000 கையில் நிற்க வேண்டும், 150 மணி நேரம் உழைக்க முடியும் என்று வையுங்கள். மணிக்கு 200 என்று தோன்றும். ஆனால் அந்த 150 மணியில் விசாரணைக்குப் பதில் சொல்வது, பார்சல் கட்டுவது, பில் எழுதுவது, சரக்கு வாங்கப் போவது என்று மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிடும். காசு வரும் வேலைக்கு மிஞ்சுவது 100 மணிதான். அப்படியானால் மணிக்கு 300 வைத்தால்தான் நீங்கள் நினைத்த 30,000 வரும். தையல், மொழிபெயர்ப்பு, டியூஷன் எதுவானாலும் இதே கணக்குத்தான்.

செலவைக் கூட்டாமல் விலை வைத்தவர்களில் பின்னாளில் பெரிய கணினி நிறுவனமாக வளர்ந்தவர்களும் உண்டு. ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனம் 1939-ல் அமெரிக்காவின் பாலோ ஆல்ட்டோவில், வாடகை வீட்டோடு கிடைத்த கார் கொட்டகையில் தொடங்கியது. ஒலிக் கருவிகளைச் சோதிக்கும் ஆசிலேட்டர்தான் அவர்களுடைய முதல் பொருள். அதற்கு 54 டாலர் 40 சென்ட் என்று விலை வைத்தார்கள். பழைய அரசியல் முழக்கம் ஒன்றில் வந்த எண் அது, அவ்வளவுதான் காரணம். அந்த விலைக்குச் செய்து கட்டுப்படியாகாது என்று சீக்கிரமே தெரிந்தது, உயர்த்தினார்கள். போட்டியாளரின் கருவி பல மடங்கு விலை என்பதால் வாங்குகிறவர்கள் ஓடிவிடவில்லை. உங்கள் மெழுகுவத்திக்கும் அந்த இடைவெளி இருக்கிறதா என்று, விலையை ஏற்றுவதற்கு முன் பாருங்கள்.

கேள்வி: விற்பனை கூட வேண்டும் என்று 20 சதவீதம் தள்ளுபடி கொடுக்கலாமா?

100-க்கு விற்கும் பொருளுக்கு 60 செலவு என்றால் மிச்சம் 40. தள்ளுபடிக்குப் பின் விலை 80, மிச்சம் 20. முன்பு கிடைத்த அதே தொகைக்கு இப்போது இரண்டு மடங்கு விற்க வேண்டும், இரண்டு மடங்கு பார்சலும் கட்ட வேண்டும். தேங்கிய சரக்கைத் தள்ளிவிடக் கொடுங்கள். பழக்கமாக்காதீர்கள்.

கேள்வி: மாதா மாதம் விற்பனை ஏறுகிறது. ஆனால் கையில் காசே இல்லை. எங்கே போகிறது?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. பணம் மூன்று இடத்தில் இருக்கும். ஒன்று, அலமாரியில்: மொத்தமாக வாங்கினால் மலிவு என்று ஆறு மாதத்துக்கான சரக்கை வாங்கி வைத்திருப்பீர்கள். இரண்டு, வாடிக்கையாளர் பையில்: கடன் கொடுத்திருப்பீர்கள். மூன்றாவது இடம் உங்கள் வீடு. கல்லாவில் வந்த காசு பிள்ளையின் ஃபீஸுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் போய்விடும், யாரும் எழுதி வைக்க மாட்டார்கள்.

இதற்கு நான் சொல்லும் மருந்து ஒன்றே: தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு. வருவதெல்லாம் அதில் விழட்டும், தொழில் செலவெல்லாம் அதிலிருந்தே போகட்டும். மாதத்தில் ஒரே நாளில், ஒரே தொகையைச் சம்பளமாக வீட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். நடுவில் அவசரம் வந்தால் எடுக்கலாம், ஆனால் ‘கடன்’ என்று எழுதிவிட்டு எடுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், வீட்டுக்குள் போடுவதற்கும் அது பொருந்தும். வரிக்கான பங்கையும் அன்றன்றைக்கே ஒதுக்கிவிடுங்கள். அது உங்கள் பணம் இல்லை, உங்களிடம் தங்கியிருக்கிறது.

இப்படி மூன்று மாதம் செய்தால், தொழில் உங்களுக்குச் சோறு போடுகிறதா, நீங்கள் தொழிலுக்குச் சோறு போடுகிறீர்களா என்பது தெரிந்துவிடும். இரண்டாவதுதான் என்று தெரிந்து நிறுத்தியவர்களும் உண்டு. நல்ல முடிவுதான்.

கேள்வி: ஒருவருக்கு மொழிபெயர்ப்பு முடித்துக் கொடுத்தேன். ‘அடுத்த வாரம்’ என்றே இழுக்கிறார். சண்டை போடவும் பிடிக்கவில்லை.

சண்டை வேண்டாம், தேதி வேண்டும். என்ன வேலை, எவ்வளவு தொகை, என்றைக்குள் என்று ஒரு மின்னஞ்சலில் எழுதி, எந்த நாளில் தருகிறீர்கள் என்று கேளுங்கள். மொத்தமாக முடியாவிட்டால் இரண்டு தவணைக்கு ஒப்புக்கொள்ளலாம். அந்தத் தொகை வரும்வரை புது வேலை எடுக்காதீர்கள். இதில் மட்டும் மனம் இளகக்கூடாது.

அடுத்த வேலையிலிருந்து பாதிப் பணம் முன்பணம். எத்தனை முறை இலவசமாகத் திருத்தித் தருவீர்கள் என்பதையும் முதலிலேயே எழுதிவிடுங்கள். முன்பணம் கேட்டதும் காணாமல் போகிறவர், முடித்த பிறகும் இழுத்தடித்திருப்பார் என்பது என் அனுபவம்.

கேள்வி: அக்கா, வீட்டில்தானே இருக்கே என்று மாமியார், பக்கத்து வீடு, கூரியர் பையன் எல்லோரும் என்னையே கூப்பிடுகிறார்கள். பகலில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைப்பதில்லை.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும். தனி அறை இல்லாவிட்டால் ஒரு மேஜை, அதுவும் இல்லாவிட்டால் தினம் அதே மூலை. வேலை முடிந்ததும் எடுத்துவைக்க வேண்டியிராத இடமாக அது இருந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

நேரத்தைப் பொறுத்தவரை, ‘நாள் முழுக்க வேலை’ என்று அறிவித்தால் ஒருவரும் மதிக்க மாட்டார்கள். பத்திலிருந்து ஒன்று வரை எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லிப் பாருங்கள், நடக்கும். அந்த மூன்று மணிக்குக் கடினமான வேலையை வையுங்கள். பார்சல் கட்டுவது, பதில் போடுவது எல்லாம் இடையூறு தாங்கும். மாமியாருக்கு ஒரு யோசனை: மாதச் சம்பளம் வீட்டுக் கணக்கில் விழுவதை அவர் கண்ணால் பார்க்கட்டும். விளக்கிச் சொல்வதைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

கேள்வி: வீட்டிலிருந்து செய்கிறோம் என்று தெரிந்தால் மதிப்பு குறையுமா? மறைக்கலாமா?

முன்பு சொன்ன கொட்டகைக்காரர்கள் தங்கள் முதல் கருவிக்கு ‘200ஏ’ என்று பெயர் வைத்தார்கள். இது முதல் பொருள் என்று தெரிந்துவிடக் கூடாதாம். அவ்வளவு தந்திரம் போதும். பொய் முகவரி, இல்லாத ‘எங்கள் குழு’ வேண்டாம். வாடிக்கையாளர் கவனிப்பது சொன்ன நாளில் பொருள் வந்ததா, கேட்டதற்குப் பதில் வந்ததா என்பதைத்தான். ஆனால் பாதுகாப்புக்காக வீட்டு முகவரியை எல்லோருக்கும் காட்டாமல் இருப்பது நியாயம். அதற்குத் தபால் பெட்டி எண் உதவும், தொழிலுக்கென ஒரு தனி போன் எண்ணும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, பதிவுக் கட்டணம் மட்டும்’ என்ற விளம்பரங்களை நம்பலாமா?

வேலை கொடுக்கிறவர் உங்களுக்குப் பணம் தர வேண்டும். உங்களிடம் வாங்குகிறார் என்றால் அங்கே விற்பனைச் சரக்கு நீங்கள்தான்.

கேள்வி: சோப்பு செய்கிறேன். உரிமம், இன்சூரன்ஸ் எல்லாம் தேவையா? சின்ன அளவில்தானே?

உடம்பில் பூசுவதும் வாயில் போடுவதும் எந்த அளவானாலும் பல இடங்களில் விதிக்குட்பட்டவை. உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாடகை வீடென்றால் ஒப்பந்தத்தில் தொழிலுக்குத் தடை இருக்கிறதா என்று படியுங்கள். சாதாரண வீட்டுக் காப்பீடு தொழில் சரக்கையும் கருவிகளையும் பெரும்பாலும் முழுதாக ஏற்காது, அதைத் தனியாகக் கேட்க வேண்டும். நீங்கள் கையாளும் காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் எரிக்கும். குழந்தைகள் வரும் சமையலறையில் அதைக் கரைக்காதீர்கள். ஒவ்வொரு முறை சோப்பு செய்யும்போதும் என்ன, எவ்வளவு போட்டீர்கள் என்று தேதியோடு ஒரு நோட்டில் குறியுங்கள். ஒருவருக்கு அரிப்பு வந்தால் அந்த நோட்டுதான் கைகொடுக்கும்.

கேள்வி: வேலையை எப்போது விடலாம்?

தொழிலிலிருந்து எடுக்கும் சம்பளம் வீட்டுச் செலவைத் தொடர்ந்து சில மாதங்கள் தாங்கிய பிறகு. ஆறு மாதச் செலவுக்கான சேமிப்பு தனியாக இருக்கட்டும். ஒரே ஒரு நல்ல மாதத்தைப் பார்த்து ராஜினாமா எழுதாதீர்கள், பண்டிகை மாதமென்றால் கேட்கவே வேண்டாம்.

கேள்வி: ஒரு கடைக்காரர் மாதம் 500 பை தைத்துத் தரச் சொல்கிறார், என் விலையில் பாதிக்கு. இதுவரை மாதம் 80-தான் தைத்திருக்கிறேன். விடவும் மனமில்லை.

பாதி விலை கேட்பது அநியாயம் இல்லை. மொத்த வியாபாரத்தில் அது சகஜம், கடைக்காரருக்கும் வாடகையும் ஆள் கூலியும் உண்டு. அந்தப் பாதியில் உங்கள் கூலியும் சேர்ந்து மிச்சம் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். நிற்காவிட்டால் 500 பை என்பது 500 மடங்கு நஷ்டம். நின்றால், 100 பையில் தொடங்கலாமா என்று கேளுங்கள். துணிக்கான பணம் முன்னால் வர வேண்டும், விற்காதவை திரும்பி வரக்கூடாது, இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். உதவிக்கு ஆள் வைத்தால் அவர் முதல் மாதம் உங்கள் வேகத்தில் தைக்க மாட்டார், பிரித்துத் தைக்கும் நேரமும் சேரும். உங்கள் நேரடி வாடிக்கையாளர்களுக்கான 80 பையை மட்டும் குறைத்துவிடாதீர்கள், முழு விலை கொடுப்பவர்கள் அவர்கள்தான். கடைக்காரர் 100-க்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால், இரண்டு மாதம் கழித்துப் பேசலாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.